எண் விளையாட்டும் எண்ணும் பழக்கமும்

கணிப்பொறி இல்லங்களுக்குள் புகுந்த நாளிலேயே, அதனைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் ஆர்வமும் உடன் பிறந்தது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆப்பிள்-2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய பொறிகள் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் அட்டாரிச் சாதனத்துக்கென முதன்முதல் வெளியான விளையாட்டுகளுள் ‘பேசிக் மேத்’ என்னும் கணக்குப் பயிற்சியும் ஒன்று. 1983-இல் ‘மேத் பிளாஸ்டர்’, 1986-இல் ‘நம்பர் மஞ்சர்ஸ்’ எனப் பல தொடர்ந்தன. நம் நாட்டிலும் 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியே பிரிட்டனின் பிபிசி மைக்ரோ பொறிகள் பள்ளிகளை அடைந்தன.

இவ்விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. பொறி ஒரு கணக்கைக் காட்டும், பிள்ளை விடையளிக்கும், சரியாயின் ஓசையும் ஒளியும் பரிசாகும். இதற்குக் காரணம் எளிது. பிபிசி மைக்ரோவின் ‘பி’ வகைக்கு இருந்த நினைவகம் 32 கிலோபைட்டே. இரண்டு எண்களைத் தற்செயலாகத் தேர்ந்து, விடையை ஒப்பிட்டுப் பார்க்கச் சில வரிக் கட்டளைகள் போதும். பிள்ளை எவ்வழியில் சிந்தித்தது என்று ஆராய்வதோ அப்பொறிக்கு எளிதன்று. ஆகவே கணக்கு சுங்கமாகவும் விளையாட்டு அச்சுங்கம் செலுத்திப் பெறும் இன்பமாகவும் அமைந்துவிட்டன. கணக்கை நீக்கினாலும் ஆட்டம் குன்றாது நிற்குமாயின், அங்கே கணக்கு விருந்தாளியன்று; வாயிற்காவலனே.

இதற்கு மாறான ஓர் ஆட்டமும் உண்டு. இலினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணிப்பொறி அமைப்பில் 1970-களில் ஆடப்பெற்று, பின்னர்ச் சிறு கணிப்பொறிகளுக்கும் வந்த ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’ என்பது அது. மூன்று எண்கள் வரும். கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ அவற்றை இணைத்து, கிடைக்கும் தொகைக்கேற்பக் காயை நகர்த்த வேண்டும். பத்துப் பத்துக் கட்டங்களுக்கு ஓர் ஊர். ஊரில் சரியாக நின்றால் அடுத்த ஊருக்குத் தாவலாம். காய் 16-இல் நிற்க, 1, 2, 3 என்னும் எண்கள் வந்தன என்று கொள்வோம். ஒன்றையும் இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 9. காய் 25-ஐ அடையும். மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 4 மட்டுமே. எனினும் காய் 20-இல் நின்று 30-க்குத் தாவும். பெரிய விடையே சிறந்த விடை அன்று என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. இங்குக் கணக்கே விளையாட்டு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். எண்களைப் பெயர்க்க வேண்டுவதில்லை. ஆனால் தவறிய பிள்ளையிடம் பொறி கூறும் சொல்லைப் பெயர்த்தே ஆகவேண்டும். ‘தவறு, மீண்டும் முயல்க’ என்பதை எத்துணை அழகிய தமிழில் தந்தாலும், தவறு எங்கு நேர்ந்தது என்பதை அது உணர்த்தாது. 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. அதனைக் கேட்டறியும் செவி ஆசிரியருக்கே உண்டு.

மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அடிப்படை எண்ணறிவு பெற வேண்டும் என்னும் நோக்குடன் 2021-இல் ‘நிபுண் பாரத்’ இயக்கம் தொடங்கப்பெற்றது. கைபேசியில் இன்று வரும் கணக்கு விளையாட்டுகள் வண்ணத்தில் சிறந்தவை. எனினும் பழைய குறை அவற்றுள் பலவற்றில் அப்படியே தொடர்கிறது. கடிகாரத்தை ஓடவிட்டு விரைவுக்குப் புள்ளி தரும் ஆட்டம், மெல்லச் சிந்திக்கும் பிள்ளைக்குக் கணக்கின்மீது அச்சத்தையே வளர்க்கும்.

ஆகவே, களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்குமுன் தாமே அதனை ஆடிப் பார்த்தல் வேண்டும். ஒரே நிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல வழிகள் உண்டா, தவறிய பிள்ளை அத்தவற்றிலிருந்து ஏதேனும் அறிகிறதா என்று நோக்குக. இரண்டும் இல்லையேல் அக்கருவியை ஒதுக்குவதில் இழப்பில்லை. மேலே கூறிய ஆட்டத்துக்கோ தரையில் வரைந்த கட்டங்களும், மூன்று பகடைகளும், ஆடுவதற்கு இரண்டு பிள்ளைகளும் போதும். மின்சாரம் இல்லாத பள்ளியிலும் அது நடைபெறும்.