பொருட்காட்சியும் சிறு குழந்தைகளும்

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வாழ்வோருள் பலர், தொழிற்சாலைகளில் முறை வைத்துப் பணி புரிவோர் ஆவர். பொங்கலையொட்டிச் சென்னைத் தீவுத்திடலில் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சியைக் காண, 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு கடந்து அவர்களும் செல்கின்றனர். சிறு குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லலாமா?

“கூட்டம் மிகுதி, குழந்தை தவறிவிடும், கண்டதை நினைவிற் கொள்ளவும் மாட்டாது” என்பர் சிலர். அவர் கூறும் இடர் மெய்யே. ஆயினும், முடிவு பொருந்தாது.

அங்கே அரசுத் துறைகள் பல, தத்தம் பணிகளை அரங்குகள் அமைத்து விளக்குகின்றன. “இஃது என்ன?” என்று குழந்தை கேட்கும் வினாவே கல்வியின் தொடக்கம் அன்றோ? இரவெல்லாம் உழைத்துப் பகலில் உறங்கும் தந்தையிடம், மற்ற நாள்களில் அவ்வினாவைக் கேட்க அதற்கு வாய்ப்பு ஏது?

ஆதலின் அழைத்துச் செல்லுதலே நன்று. ஆனால், குழந்தையின் நடைக்கேற்பச் செல்லுதல் வேண்டும். கூட்டம் பெருகுமுன் செல்க. பெற்றோரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைக்க. இராட்டினத்தைக் கண்டு அஞ்சும் குழந்தையை வற்புறுத்தி ஏற்றற்க. நுழைவுக் கட்டணம் வீணாகுமே என்று எண்ணி எல்லா அரங்குகளுக்கும் இழுத்துச் செல்லற்க, சோர்ந்தவுடன் திரும்புக.

மாணவர்களே! நும் தம்பி தங்கையரோடு செல்லும்போது நீவிரும் இதனை மறவாதீர். கண்ட பொருள்களைக் குழந்தை மறக்கலாம். தன் கையைப் பற்றி நடந்தவரின் அன்பை மறவாது.