செத்தால்தான் வட்டியா?

கரண்ட் அக்கவுண்டில் தூங்கும் கடைக்காரர் பணம்

வேடிக்கையான விதி ஒன்று இருக்கிறது. பல கடைக்காரர்களுக்கு அது தெரியாது.

ஒருவர் தன் கடைக்காகப் பாங்கியில் கரண்ட் அக்கவுண்ட் வைத்திருக்கிறார். அதில் 1 லட்சம் ரூபாய் கிடக்கிறது. அவர் உயிரோடு இருக்கும் வரை அந்தப் பணத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. அவர் இறந்துவிட்டால்? இறந்த நாளில் இருந்து, வாரிசுகள் கைக்குப் பணம் வந்து சேரும் நாள் வரை, சேமிப்புக் கணக்குக்கு உள்ள வட்டி உண்டு!

இது கட்டுக்கதை அல்ல. ரிசர்வ் பாங்கி 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் பிறப்பித்த உத்தரவில் இருக்கிறது. தனி ஆள் கணக்குக்கும், ஒரே முதலாளி நடத்தும் கடையின் கணக்குக்கும் இது பொருந்தும். வாரிசுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

ஆள் போன பிறகு கிடைக்கிற வட்டி, அவர் கல்லாவில் உட்கார்ந்து உழைக்கும்போது ஏன் கிடைக்கவில்லை?

பாங்கியின் வாதம்

கரண்ட் அக்கவுண்ட் வியாபாரத்துக்காக ஏற்பட்டது. காலையில் போட்ட பணத்தை மாலையில் எடுக்கலாம். ஒரே நாளில் 50 செக் வந்தாலும் பாங்கி பணம் கொடுத்தாக வேண்டும். பணம் எப்போது வெளியே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே வட்டி இல்லை என்கிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் முழுப்பணமும் தினமும் போய் வருவதில்லை. மண்ணடி இரும்புக் கடையாக இருந்தாலும், கோயம்பேடு காய்கறிக் கடையாக இருந்தாலும், சரக்குக்காரருக்குக் கொடுத்தது போக அடியில் ஒரு தொகை தங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் அது அசைவதே இல்லை. அந்தப் பணத்தைப் பாங்கி கடனாகக் கொடுத்து வட்டி வாங்குகிறது. கரண்ட் அக்கவுண்ட் பிடிக்கப் பாங்கிக்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்குவது சும்மா அல்ல!

இப்போது பெட்டிக்கடையில் கூட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. முன்பு கல்லாப் பெட்டியில் விழுந்த காசு, நேராகப் பாங்கியில் விழுகிறது. விழுந்த இடம் கரண்ட் அக்கவுண்ட் என்றால், அங்கேயே தூக்கம்தான்.

தினம் 16 ரூபாய்

ஸ்டேட் பாங்கி 2025 ஜூன் மாதம் சேமிப்புக் கணக்கு வட்டியை 2½ சதவீதமாகக் குறைத்தது. அந்தக் குறைந்த வட்டியிலேயே 1 லட்சத்துக்கு வருடம் 2,500 ரூபாய் வரும். ஒரு வருட டெபாசிட்டில் 6 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். அதாவது தினம் 16 ரூபாய். கரண்ட் அக்கவுண்டில் பூஜ்யம்!

பத்து ரூபாய் பாக்கிக்கு வாடிக்கைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிற கடைக்காரர், தினம் 16 ரூபாயைப் பாங்கியில் விட்டுவிட்டு வருகிறார்.

என்ன செய்யலாம்?

கடையின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க முடியாது. ரிசர்வ் பாங்கி விதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒரே முதலாளி நடத்தும் கடை என்றால், சொந்தச் செலவுக்கும் சேமிப்புக்கும் எடுக்கிற பணத்தை அப்போதைக்கு அப்போது தன் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடலாம்.

இரண்டு, கடையின் பெயரிலேயே டெபாசிட் போடலாம். 7 நாளைக்குக் கூடப் போடலாம். நாள் குறைந்தால் வட்டியும் குறையும்.

மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேரும் பணம், தானாகவே டெபாசிட்டாக மாறும் வசதி பல பாங்கிகளில் இருக்கிறது. செக் வந்து பணம் போதாவிட்டால், டெபாசிட்டில் இருந்து அது தானாகவே திரும்பி வரும். "ஸ்வீப்" என்றும் "ஃப்ளெக்சி" என்றும் சொல்கிறார்கள்.

"சார், என் கணக்குக்கு வட்டி உண்டா?" என்று கேட்டால், "கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி கிடையாதுங்க" என்று பதில் வரும். அது உண்மையான பதில்தான். ஆனால் கேள்வி தப்பு. "ஸ்வீப் வசதி இருக்கா? எவ்வளவுக்கு மேல போனா மாறும்? முன்னாடியே எடுத்தா எவ்வளவு பிடிப்பீங்க?" என்று கேட்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க

சேமிப்புக் கணக்கிலும் ஒரு காலத்தில் கண்கட்டு வித்தை இருந்தது. மாதத்தில் 10-ந் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எந்தத் தொகை மிகக் குறைவோ, அதற்குத்தான் வட்டி. 29-ந் தேதி வரை 20 ஆயிரம் இருந்து, 30-ந் தேதி 500 ஆகிவிட்டால், 500-க்கு மட்டும் வட்டி! 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாங்கிகளில் அது ஒழிந்தது. இப்போது தினசரி இருப்புக்கு வட்டி.

வட்டியைத் தாங்களே நிர்ணயிக்கும் உரிமை 2011 அக்டோபரில் பாங்கிகளுக்குக் கிடைத்தது. ஆகவே பாங்கிக்குப் பாங்கி வட்டி மாறும். நாலு இடத்தில் விசாரிப்பது நல்லது. ஆனால் ஒரு பாங்கிக்குள், 1 லட்சம் வரை எல்லோருக்கும் ஒரே வட்டி. இதற்காக மானேஜரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

தபால் ஆபீஸ் சேமிப்புக்கு 2011 டிசம்பரில் 4 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் அங்கே பழைய 10-ந் தேதிக் கணக்கு போகவில்லை. 2019-ம் ஆண்டு விதியிலும் அதுதான். அங்கே போடுகிறவர்கள் 10-ந் தேதிக்குள் போட வேண்டும்.

ஆசைக்கு அளவு வேண்டும்

பாங்கி வட்டி போதவில்லை என்று, "மாதம் 10 சதவீதம்" என்கிற ஆசாமிகளிடம் போனால் என்ன ஆகும்? பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் ஆபீஸ் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கேட்டால் சொல்லும். நிதி நிறுவன மோசடிகளுக்காக 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம் வந்தும் ஏமாறுவது நிற்கவில்லை.

பாங்கியில் போட்ட பணத்துக்கு இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரி முதல், பாங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு பாங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கரண்ட் அக்கவுண்டுக்கும் இது உண்டு. அதிக வட்டி தரும் சிறிய பாங்கியில் போடுகிறவர்கள் இந்த 5 லட்சம் கோட்டைத் தாண்டாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

சொல்ல வேண்டியது பாங்கியின் கடமை

கணக்கு தொடங்கும் அன்றே, "இதற்கு வட்டி இல்லை, வட்டி வேண்டுமானால் இந்த வசதி இருக்கிறது" என்று கடைக்காரரிடம் தமிழில் சொல்ல வேண்டும். கிளைக்குக் கிளை போர்டு எழுதி மாட்ட வேண்டும். சிறு வியாபாரிகளின் அசையாத இருப்புக்காவது வட்டி கொடுக்க ரிசர்வ் பாங்கி வழி செய்ய வேண்டும்.

இறந்தவர் கணக்குக்கு நாள் கணக்குப் பார்த்து வட்டி போட முடிகிறது. இருப்பவர் கணக்குக்கு முடியாதா?

அந்த நாள் வரும் வரை கடைக்காரர்கள் காத்திருக்க வேண்டாம். இன்று இரவு கல்லாவை எண்ணும்போது, பாங்கிக் கணக்கையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும். அங்கே எவ்வளவு தூங்குகிறது என்று தெரியும்.