பந்துகளை எண்ணுவது யார்?

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்ததும் நாஞ்சில் நாட்டில் ஸ்டம்புகள் ஊன்றப்படுகின்றன. கோடை விடுமுறை முழுவதும் பள்ளி மைதானங்களிலும் கடற்கரை மணலிலும் கிரிக்கெட் நடக்கிறது. பிள்ளைகள் வெயிலில் ஓடியாடுவது நல்லதே. ஆனால் வேகப்பந்து வீசும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, எலும்பு மூட்டு மருத்துவர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மகனோ மகளோ வீசும் பந்துகளைத் தயவுசெய்து எண்ணுங்கள்.

வேகமாக ஓடிவந்து பந்தை வீசும்போது முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை கீழ்முதுகை அடைகிறது. அதே கணத்தில் முதுகு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. இதனால் முள்ளெலும்பின் பின்வளைவில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். ஓய்வின்றி வீசிக்கொண்டே இருந்தால் சிதைவு பெருகி அழுத்த முறிவாகிறது. வளரும் வயதில் அந்த எலும்பு முழு உறுதி பெற்றிருப்பதில்லை என்பதால் இளைஞர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. தோள்பட்டையில் உள்ள வளர்ச்சித் தட்டும் இவ்வாறே பாதிக்கப்படலாம்.

அமெரிக்காவில் பேஸ்பால் வீசும் சிறுவர்களுக்கு முழங்கையும் தோளும் பழுதாவதைக் கண்டு, லிட்டில் லீக் என்னும் சிறுவர் அமைப்பு 2007 முதல் வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது. கிரிக்கெட்டில் இங்கிலாந்து வாரியம் வகுத்த நெறிமுறை, 13 வயது வரையிலான வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்றும், 14, 15 வயதினர் முறையே 6 ஓவர், 12 ஓவர் என்றும் வரையறுத்தது.

நம் ஊரில் நடப்பதை இதனுடன் ஒப்பிடுங்கள். 14 வயதுப் பிள்ளை காலையில் பள்ளிப் பயிற்சியில் 8 ஓவர், பிற்பகல் போட்டியில் 4 ஓவர், மாலையில் ஊர் அணிக்காக 6 ஓவர் வீசுவதாகக் கொள்வோம். மொத்தம் 18 ஓவர், அதாவது 108 பந்துகள். பள்ளிப் பயிற்றுநர் தம் 8 ஓவரையும், ஊர் அணித் தலைவர் தம் 6 ஓவரையும் மட்டுமே அறிவார். மூன்றையும் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரே இடம் வீடுதான்.

இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. மழையில் வாரக்கணக்கில் பந்தைத் தொடாத பிள்ளைகள், வானம் வெளுத்ததும் நாள்தோறும் முழு வேகத்தில் வீசத் தொடங்குகிறார்கள். இந்தத் திடீர் ஏற்றமே பெரிதும் தீங்கு செய்கிறது. இடைவெளிக்குப் பின் குறைவான ஓவர்களில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

“ஓய்வு கொடுத்தால் அணியில் இடம் போய்விடுமே” என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. சிற்றூர்ப் பிள்ளைக்கு வாய்ப்பு அரிதாகவே வருகிறது. ஆயினும் ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸைப் பாருங்கள். 2011இல் 18 வயதில் டெஸ்ட் அரங்கேற்றம் கண்ட அவர், முதுகுக் காயங்கள் உள்ளிட்ட தொடர் காயங்களால் அடுத்த டெஸ்டை ஆட 2017 மார்ச் வரை காத்திருந்தார். நம் பும்ராவுக்கு 2023இல் முதுகில் அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டது. தேர்ந்த மருத்துவக் குழு உடனிருந்தும் அவர்களுக்கு இந்த நிலை. அத்தகைய குழு இல்லாத நம் பிள்ளைக்கு ஒரு வார ஓய்வு இழப்பாகாது. எலும்பு முறிந்தபின் இழக்கும் மாதங்களே இழப்பு.

பந்து வீசும்போது கீழ்முதுகின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், வலித்தால் கவனியுங்கள். பின்னோக்கி வளையும்போது வலி கூடினால் அன்றே பந்து வீச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கநிலை முறிவு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், எடை குறைதல், காலில் மரப்பு ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

வர்ம மருத்துவத்திலும் உழிச்சலிலும் நம் மக்களுக்கு நெடுநாள் நம்பிக்கை உண்டு. அந்த மரபைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. முறிவு உண்டா இல்லையா என்று தெரியுமுன் முதுகை அழுத்தித் திருப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. வலிமாத்திரை கொடுத்து மறுநாள் ஆட்டத்துக்கு அனுப்புவதும் கூடாது. மாத்திரை வலியை மறைக்கும், எலும்பைச் சேர்க்காது.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலானோர் ஓய்வாலும் முறையான பிசியோதெரபியாலும் நலம் பெற்று மீண்டும் களம் காண்கிறார்கள். ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். பயிற்சி, பள்ளிப் போட்டி, ஊர் ஆட்டம் என எங்கு வீசினாலும் அன்றைய ஓவர்களை இரவில் பிள்ளையையே எழுதச் செய்யுங்கள். வலித்ததா என்பதையும் அருகில் குறிக்கட்டும். பயிற்றுநரிடமும் அதைக் காட்டுங்கள். மருத்துவரிடம் வர நேர்ந்தால் அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள்.