தலைக்கணக்கில் கரையும் பள்ளிகள்

அரசுப் பள்ளிக்கு எவ்வளவு கொட்டினாலும் தேறாது என்ற பேச்சு டீக்கடை பெஞ்சில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை பரவிக் கிடக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக்கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கினார்களே, பெரும்பகுதி வாத்தியார் சம்பளத்துக்கே போகிறதே, பிள்ளைகள் என்னவோ மெட்ரிக் பள்ளி வேனில்தானே ஏறுகிறார்கள் என்று கேட்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து ஆளானவர்களே இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பணம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு எந்தக் கணக்கில் வந்து சேர்கிறது என்று இவர்கள் பார்த்ததே இல்லை.

ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. முதல் மூன்று வகுப்பும் ஓர் அறையில், நான்கும் ஐந்தும் அடுத்த அறையில். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கும் அறையில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளையும் ஒரே டீச்சர் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் ஒருத்தி எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பாள். இன்னொரு மூலையில் ஒருவன் கடன் வாங்கிக் கழித்தலில் சிக்கி நிற்பான். இடையில் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு. சிக்னல் இல்லையென்றால் போனோடு வாசலுக்கு ஓட வேண்டும். தலைமையாசிரியருக்கு வட்டார வள மையத்தில் கூட்டம் என்றால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் அந்த ஒருவர் தலையில். இதைப் பார்க்கும் தாய் கடன்பட்டாவது பிள்ளையை மெட்ரிக்கில் சேர்க்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கொடுமை அதற்குப் பிறகுதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார், பணிநிரவலில் வேறு ஊர் போகிறார். சமக்ர சிக்‌ஷாவின் பள்ளி மானியமும் தலைக்கணக்குதான்: முப்பது பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் நூறு வரை 25,000. பிள்ளை குறைந்தால் பெருக்க வேண்டிய தரை சுருங்குவதில்லை. ஒழுகும் இடமும் குறைவதில்லை. ஆள் போனதால் பணம் குறைகிறது, பணம் குறைந்ததால் மிச்ச ஆளும் போகிறது. கடைசியில் பூட்டைப் போட்டுவிட்டு, மாணவர் வரவில்லை என்று குறிப்பெழுதுகிறார்கள். இதையா பணம் கொட்டிப் பார்த்தோம் என்கிறீர்கள்?

சம்பளத்துக்கே போகிறது என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? 2012இல் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் மாதம் 5,000 ரூபாயில் பகுதிநேர ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் பணிநிரந்தரம் கேட்டுப் போராடி வந்திருக்கிறார்கள். சிக்கனம் அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மெட்ரிக் பள்ளியில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி. தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளின் கதவு ஒன்றாம் வகுப்பில்தான் திறக்கிறது. 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அந்த மையங்களோடு அது ஏறக்குறைய நின்றுபோனது. அதேசமயம் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தைகளின் கட்டணம் அரசுப் பணத்தில் போகிறது. அங்கே சீருடை போட்டு, தோழர்களைப் பிடித்துக்கொண்ட குழந்தையை இரண்டு வருடம் கழித்து எந்தப் பெற்றோர் திருப்பி அழைத்து வருவார்கள்?

செலவழித்தால் பலன் வராது என்பவர்களுக்கு நம் ஊரே பதில். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோதும் கஜானா தாங்காது என்றார்கள். இன்று அதை நிறுத்தச் சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவும் அப்படித்தான் வேரூன்றுகிறது. கேரளம் 2017இல் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கி வகுப்பறைகளுக்குச் செலவழித்தது. பல ஆண்டுகளாகச் சரிந்துவந்த சேர்க்கை அதன்பின் சில ஆண்டுகள் ஏறியது. கொரோனாக் காலத்தில் இங்கேயும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு ஏற்ப ஆசிரியரும் அறையும் கூடவில்லை. கைக்கு வந்த வாய்ப்பை நழுவவிட்டோம்.

தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததை நான் மறக்கவில்லை. ஆனால் மாநில அரசு தன் கையால் மாற்றக்கூடிய விதிகளும் உண்டு. சட்டம் சொல்லும் இரண்டு ஆசிரியர் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் நியமிக்க எந்தத் தடையும் இல்லை. ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர், எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் மழலையர் வகுப்பு, அதற்கு முழுச் சம்பளத்தில் ஆள். இவற்றைக் கொடுத்த பிறகு ஐந்தாண்டுகளுக்கு அந்தப் பள்ளியில் ஆகஸ்ட் 1 கணக்கை எடுக்கவே கூடாது.