எட்டு நாடு எதுக்கு? மூணு போதுமே!

"பதினைஞ்சு நாள் லீவு... எட்டு நாடு... காரிலேயே சுத்திப் பார்த்துடலாம்ப்பா!"

ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளை போனில் இப்படிச் சொன்னதுமே, நம் வீடுகளில் ஸ்வெட்டர் வாங்கும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

மியூனிக்கில் கிளம்பினால் ஆம்ஸ்டர்டாம் சுமார் 830 கிலோமீட்டர். அங்கிருந்து பிரஸ்ஸல்ஸ் 210. அப்புறம் பாரீஸ் 310. ஜூரிச் 650. வெனிஸ் 540. வியன்னா 600. பிராக் 330. திரும்ப மியூனிக் 380. கூட்டிப் பாருங்கள்... 3,850 கிலோமீட்டர்! ஊருக்குள் சுற்றுவது, வழி தவறி அலைவது எல்லாம் இதில் சேர்த்தியில்லை.

"ரோடுதான் கண்ணாடி மாதிரி இருக்குமே, பறந்துடலாம்" என்பீர்கள். ரோடு நன்றாகத்தான் இருக்கும். இடுப்பும் முழங்காலும் நம்முடையதுதானே!

ஐரோப்பாவில் காரில் ஊர் சுற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரயிலும் டூர் பஸ்ஸும் காட்டாத கிராமங்களையும் ஏரிகளையும் கார் காட்டும். ஆனால் 'எத்தனை நாடு' என்று ஆரம்பிக்கிற திட்டம் உடம்புக்கு ஆகாது. காரில் இருப்பவர்களில் யார் உடம்பு பலவீனமோ, அவர் தாங்கும் தூரம் எவ்வளவு என்பதில் ஆரம்பிக்க வேண்டும். அது அறுபத்தெட்டு வயது அப்பாவாக இருக்கலாம், மலை வளைவில் வாந்தி எடுக்கும் பேத்தியாக இருக்கலாம், ஓட்டுகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

லாரிக்காரருக்கு உண்டு, நமக்கு இல்லையா?

ஐரோப்பிய யூனியனில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு 2006-ல் கொண்டுவந்த ஒரு சட்டம் இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் கட்டாய ஓய்வு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. மீறினால் அபராதம்.

தினமும் ஓட்டிப் பழகிய தொழில்காரருக்கே இந்தக் கட்டுப்பாடு. வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, லீவில் ஒரேயடியாக 830 கிலோமீட்டர் ஓட்டும் நம் பிள்ளைக்கு எந்தச் சட்டமும் இல்லை. அம்மாதான் சட்டம் போட வேண்டும்!

பிரான்ஸ் நெடுஞ்சாலைகளில் 'இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓய்வு' என்றே அறிவுறுத்துகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் எல்லோரும் இறங்கி ஐந்து நிமிஷமாவது நடக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. இது விமானத்துக்கு மட்டுமில்லை, காருக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான். பயப்பட வேண்டாம், மொத்தத்தில் இது அபூர்வம்தான். ஆனால் வெரிகோஸ் வெயின் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் பெரியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. "வழியில் எங்கே போறது?" என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். ஜெர்மனி நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் டாய்லெட்டுக்குக் காசு. அந்தச் சில்லறையைப் பார்த்துக்கொண்டு அடக்கினால், ஊர் திரும்பியதும் யூரின் இன்பெக்‌ஷனுக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

தூக்கமும் போதைதான்!

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா நாடுகளில் சாதாரண ஓட்டுநருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையும் அதே 0.05தான்!

ஆகவே, நீங்களே இங்கிருந்து போய் வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், விமானம் இறங்கிய அன்றைக்குச் சாவியைத் தொடாதீர்கள். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். போதாததற்கு அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். வெறிச்சோடிய ரோட்டில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, கை தானாக இடது பக்கம் திருப்பிவிடும்.

கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உதவாது. காரை ஓரமாக அல்ல, ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிஷம் தூங்குவதுதான் வைத்தியம். வாந்திக்கு நாம் போடும் அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். பின் சீட்டுக்காரர் போட்டுக்கொள்ளலாம், ஓட்டுகிறவர் கூடவே கூடாது.

பையில் என்ன இருக்கணும்?

சர்க்கரைக்கும் பி.பி.க்கும் சாப்பிடுகிற மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சாதாரண பாராசிட்டமாலே பிரான்ஸில் டோலிப்ரான், இத்தாலியில் டாக்கிபிரினா! ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முறை வைத்துத் திறக்கிற மருந்துக் கடையைத் தேடி அலைய வேண்டும். இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும்.

சாப்பாட்டு நேரமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் மத்தியானம் இரண்டு மணி தாண்டினால் பல ஹோட்டல்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு ஹோட்டல் தேடுவது ஆபத்து. ரொட்டி, தயிர், வாழைப்பழம் காரிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி கொண்டு போகலாம். பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். வெளிநாட்டுப் பால் பொருட்களுக்கு ஐரோப்பிய யூனியனில் அனுமதி இல்லை.

விசாவுக்காக எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. 'விசாவுக்குத்தானே' என்று மலிவானதை வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் கிடைக்காது.

பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "லைசென்ஸ் எந்த ஊர்துடா?" ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் தாண்டினால் இந்திய லைசென்ஸில் அங்கே ஓட்ட முடியாது. மருமகளுக்கும் லைசென்ஸ் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும், பரவாயில்லை. எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய நம்பர் 112. ஐரோப்பிய யூனியன் முழுக்க அவசர உதவிக்கு அதுதான்.

இப்படிப் போய்ப் பாருங்களேன்!

அதே மியூனிக்கில் கிளம்புங்கள். சால்ஸ்பர்க் 145 கிலோமீட்டர். அங்கே இரண்டு ராத்திரி. பிறகு ஆல்ப்ஸ் மலை வழியே வில்லாக் 185. வெனிஸ் 240. வெரோனா 120. மலையடிவாரத்து போல்சானோ 150. பிரென்னர் கணவாய் ஏறி இறங்கினால் இன்ஸ்புருக் 120. திரும்ப மியூனிக் 160. மொத்தம் 1,120 கிலோமீட்டர்தான்!

எந்த நாளும் 250 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் வந்துவிடும். மலை, ஏரி, மொசார்ட் பிறந்த ஊர், கடல் நடுவே நகரம் எல்லாம் இதற்குள் அடக்கம். மே மாதம் நம் பிள்ளைகளுக்கும் லீவு, அங்கேயும் ஆகஸ்ட் மாதிரி கூட்டமோ வெயிலோ இருக்காது. பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிய விடுமுறையை மட்டும் தவிருங்கள். பிரென்னர் ரோட்டில் அப்போது கார்கள் ஊர்ந்துதான் போகும்.

"மூணு நாடுதானா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். எட்டு நாட்டுக் கொடியை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துவிட்டு, எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்று ஞாபகமில்லாமல் முதுகுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்வதைவிட, போன எல்லோரும் முழுசாகச் சிரித்த முகத்தோடு வீடு திரும்புவது பெரிசில்லையா? மிச்ச ஐந்து நாடும் எங்கேயும் ஓடிப்போய்விடாது. அடுத்த லீவுக்கு இருக்கவே இருக்கிறது!