சுஜாதை கொடுத்த பாயசம்

போன பயணத்தில் நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன், சகோதரிகளே.

அயனம்பாக்கத்திலிருந்து மாமியாரோடு கயா போய், மாமனாருக்குப் பிண்டம் வைத்தோம். மறுநாள் புத்த கயா. சுமார் 15 கிலோமீட்டர்தான்.

"க்ஷேத்திரத்துக்கு வந்து வயிறு ரொம்பச் சாப்பிடறதா?" என்று அத்தை காலையில் எதுவும் தொடவில்லை. ஆனால் சர்க்கரை வியாதி மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கியிருக்கிறார்! மகாபோதி கோயில் அரசமரத்தடியில் அவருக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. நான் பதறிப்போனேன். நல்லவேளை, பையில் சர்க்கரை இருந்தது. மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் தெளிந்தார். பிறகு பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட வைத்தேன்.

மாலையில் ஆற்றின் அக்கரையிலுள்ள சுஜாதை ஸ்தூபிக்குப் போனோம். பட்டினியால் எலும்பும் தோலுமான சித்தார்த்தருக்குச் சுஜாதை பாயசம் கொடுத்தாளாம். அதை உண்ட பிறகே அரசமரத்தடியில் அமர்ந்து ஞானம் பெற்றார் என்பார்கள்.

"உடம்பை வதைச்சா ஞானம் வராதுன்னு அவரே கண்டுக்கிட்டாரா?" என்றார் அத்தை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். நடுக்கம், வியர்வை கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஊர் திரும்பிய பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, அடுக்களையில் குரல் கேட்டது: "மாத்திரை போட்டாச்சு, இட்லி எங்கேம்மா?"