பிரித்த எஞ்சின் முன்னால் எடுக்க வேண்டிய முடிவு

பழைய கார் எஞ்சின் வேலைக்குப் போய் நிற்கும்போது பட்டறையில் முதலில் காதில் விழும் பதில், “பிரிச்சுப் பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும்” என்பது. கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. நாற்பதாயிரம் என்று ஆரம்பித்து ஒரு லட்சத்தைத் தாண்டிய கதைகள் உறவிலும் நட்பிலும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பதிலையே ஏமாற்று வேலையின் முதல் படியாக எடுத்துக்கொள்கிறோம். அது நியாயமில்லை. எஞ்சின் விஷயத்தில் மெக்கானிக் சொல்வது உண்மை. அந்த உண்மையைக் கேட்டபின் நாம் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் செலவு கைக்குள் நிற்பதும் கைமீறிப் போவதும்.

பிரிக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. அவற்றை முதலில் முடித்துவிட வேண்டும். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால், அது சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று சந்தேகிக்கலாம். ஆனால் டீசல் வண்டியில் எரியாத டீசலும் வெண்புகையாகத்தான் வரும். புகையை மட்டும் நம்பி சிலிண்டர் ஹெட்டை இறக்கக் கூடாது. அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைத்துக் காட்டினால், அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது வழக்கம். இப்போது அழுத்தம் ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. எஞ்சினைக் கீழே இறக்கும் கூலியோடு பார்த்தால் இந்தச் சோதனைகளின் செலவு மிகவும் குறைவு. இவற்றைச் செய்யாமலே “எஞ்சின் போச்சு சார்” என்று சொல்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

இவையெல்லாம் கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டும். எவ்வளவு என்று காட்டாது. கழற்றிய ஹெட்டை மேஜையில் கவிழ்த்து வைத்து, கேஸ்கெட் பிசுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, குறுக்கும் நெடுக்குமாக ஓர் இரும்புச் சட்டத்தை அதன்மேல் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். அலுமினிய ஹெட் எஞ்சின் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்க்கும் முறை இது. பெரும்பாலான கார்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ.க்கும் 0.10 மி.மீ.க்கும் இடையில்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் கனம். அதற்கு மேற்பட்ட தகடு தாராளமாகப் போய்வந்தால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை ஃபேஸிங் செய்து மெலிந்த ஹெட்டாக இருந்தால் வேறு ஹெட் தேட வேண்டும். சிலிண்டர் போரும் அப்படித்தான். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால், ரிங் ஓடித் தேய்ந்த இடம் ஒரு படியாகத் தட்டுப்படும். அந்தப் படி எவ்வளவு ஆழம், போர் வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா என்பதை போர் கேஜ் சொல்லும். ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்ற வேண்டுமா என்பது அந்த அளவில் இருக்கிறது. பானெட்டுக்கு மேலே நின்று யாராலும் இதைச் சொல்ல முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது, பிரித்து அளப்பதைத் தனி வேலையாகப் பேசிக்கொள்வது. “அண்ணே, பிரிச்சுக் கழுவி அளந்து பார்க்க என்ன கூலி? அதுக்கப்புறம் செய்யலாமா வேணாமான்னு நான் முடிவு பண்றேன். வேணாம்னாலும் அந்தக் கூலியைத் தந்துடுறேன்” என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை. அவர்களுக்கும் இது பாதுகாப்புதான். நம்மில் பெரும்பாலானோர் செய்வதோ வேறு. “எல்லாத்தையும் பார்த்து முடிச்சுடுங்க” என்று சொல்லி அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பிறகு போன் வரத் தொடங்கும். ரிங் செட் என்று ஒரு நாள், பிஸ்டன் சேர்த்து மாற்றிவிடலாம் என்று இன்னொரு நாள், கிராங்க் கிரைண்டிங் என்று அடுத்த வாரம், இன்ஜெக்டர் என்று அதற்கடுத்த வாரம். ஒவ்வொரு தொகையும் அதுவரை போட்டதோடு பார்த்தால் சின்னதாகத் தெரியும். சரி சரி என்று சொல்லிக்கொண்டே வருவோம். வேண்டாம் என்று நிறுத்தக்கூடிய இடம் எது என்பதே தெரியாமல் அந்த இடத்தைத் தாண்டியிருப்போம். எஞ்சின் துண்டு துண்டாகக் கிடக்கும்போது வண்டியை வேறெங்கும் கொண்டுபோகவும் முடியாது. ஹெட்டின் வளைவு, நான்கு போர்களின் அளவு, கிராங்க் ஜர்னல்களின் தேய்மானம் ஆகியவை எழுதிய லேத் சீட்டு கைக்கு வரும் நாள்தான் முடிவெடுக்க வேண்டிய நாள். அன்று நேரில் போய்ப் பாகங்களைக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

அதே நாளில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. எஞ்சின் ஏன் போனது? எது போனது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஏன் போனது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. எஞ்சின் வேலை செய்த வண்டி சில மாதங்களிலேயே மறுபடி பட்டறைக்கு வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பேன்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டரில் கூலண்ட் குறைகிறது. பெட்ரோல் பங்கிலோ வீட்டிலோ குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர்வெல் தண்ணீர். சுடச்சுட அது உப்பாகப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், பிளாக்கின் உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளில் துருப்பிடிக்க வைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் கூலண்டின் வேலை. வெறும் தண்ணீருக்கு இரண்டும் தெரியாது. வண்டி சூடாகத் தொடங்கியதும் யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு’ என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கும் நம்பிக்கை. அது தவறு. எஞ்சின் சீக்கிரம் சரியான சூட்டுக்கு வருவதும் அந்தச் சூட்டிலேயே நிற்பதும் அந்த வால்வால்தான். அது இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி அதிகம் தேயும், எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும். அடைத்துப்போன ரேடியேட்டரோ அப்படியே இருக்கும். ஒரு நாள் ஏற்றத்திலோ டிராஃபிக்கிலோ முள் சிவப்பைத் தொடுகிறது, கேஸ்கெட் போகிறது, ஹெட் வளைகிறது. பட்டறையில் ஃபேஸிங் செய்து புதுக் கேஸ்கெட் போட்டுக் கொடுக்கிறார்கள். ரேடியேட்டரை யாரும் தொடவில்லை. அடுத்த கோடையில் அதே ஹெட் மறுபடி மேஜைக்கு வரும். எஞ்சின் வேலையோடு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன் ஓடும் ரிலே எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வது கூடுதல் செலவு என்று தோன்றும். உண்மையில் போட்ட பணத்தைக் காப்பாற்றும் செலவு அதுதான்.

பேரிங் உருகிய எஞ்சினிலும் இதே கதை. தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகள் ஆயிலோடு சேர்ந்து ஆயில் கூலர், டர்போ, கிராங்கின் உள்ளே இருக்கும் மெல்லிய ஆயில் துளைகள் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றைக் கழற்றிக் கழுவாமல் புது பேரிங் போட்டால் பழைய துகளே புது பேரிங்கை அறுக்கும். டீசலில் பிஸ்டன் தலை உருகியிருந்தால், ஒழுகும் இன்ஜெக்டர்தான் காரணமா என்று டெஸ்ட் பெஞ்சில் பார்க்காமல் புது பிஸ்டன் ஏற்றக் கூடாது.

ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். கழற்றிப் பூட்டும் வேலை சில நாள்தான். மீதியெல்லாம் காத்திருப்பு. லேத்தில் வரிசை, சரியான சைஸ் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆர்டர், நம்மிடமிருந்து வர வேண்டிய பணம். எந்த எஞ்சின் என்பதும் முக்கியம். ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா, ஃபியட் புன்ட்டோ எனப் பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டது என்றாலும் அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகம் தேடுவதும் சுலபம். குறைவாக விற்று நின்றுபோன மாடல் என்றால் ஃபில்டரும் பிரேக் பேடும் உடனே கிடைக்கும், ஒரு குறிப்பிட்ட சைஸ் பேரிங்குக்காக வாரக்கணக்கில் நிற்க நேரும். எது எங்கே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டால் போதும். தினமும் போன் செய்து சண்டை போட்டால் லேத்து வரிசை நகராது.

அளவுகள் வந்த பிறகு வழிகள் மூன்று. இருக்கும் எஞ்சினைச் சரிசெய்யலாம். கிராங்கும் பிஸ்டனும் பூட்டிய புது ஹாஃப் எஞ்சின் கிடைத்தால் வாங்கலாம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில், விபத்தில் போன வண்டியிலிருந்து எடுத்த பழைய எஞ்சினைத் தேடலாம். மூன்றாவது மலிவாகத் தெரியும். ஆனால் அதன் உள்ளே என்ன நிலைமை என்பது மறுபடி பிரித்தால்தான் தெரியும். அதோடு எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. எஞ்சின் மாறினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் திருத்தமும் வேண்டும். விற்றவரிடமிருந்து பில்லும் அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்பதற்கான காகிதமும் இல்லாமல் வாங்கினால், பின்னால் விற்கும்போதோ இன்சூரன்ஸ் கேட்கும்போதோ சிக்கல் வரும்.

இப்போது கணக்கு. மூன்று லட்சத்துக்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் போன நிலையில் இன்று ஒரு லட்சத்துக்குப் போகும், ஓடும் நிலையில் இரண்டரை லட்சம் பெறும், வேலைக்கு ஒன்றேகால் லட்சம் ஆகும் என்றால், செய்வது இலாபமே. வேலை ஒன்றே முக்கால் லட்சம் என்றால் அப்படியே விற்பது நல்லது. இந்தக் கணக்கில் வாங்கிய விலையான மூன்று லட்சத்துக்கு இடமில்லை. போன மாதம் வேறொரு பட்டறையில் கொடுத்த நாற்பதாயிரத்துக்கும் இடமில்லை. ‘இவ்வளவு போட்டாச்சு, இனி விடுவதா’ என்ற எண்ணம்தான் பலரை இரண்டாவது லட்சத்துக்குள் இழுக்கிறது. மனது கேட்காது என்பது தெரியும். ஆனாலும் போன பணம் இரண்டு முடிவிலும் திரும்பி வரப்போவதில்லை. கணக்கில் சேர்க்க வேண்டியவை வேறு. கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் எந்த நிலையில் இருக்கின்றன? சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அதன்பிறகு சோதித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கார் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? இன்னொரு பக்கமும் உண்டு. இதை விற்றுவிட்டு வாங்கப்போகும் வேறொரு பழைய காரின் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. காரணம் கண்டுபிடித்து, அளந்து, முறையாகச் செய்த எஞ்சினுக்கு அந்த வகையில் ஒரு மதிப்பு இருக்கிறது.

இன்சூரன்ஸ் தருமா என்று கேட்பவர்கள் பலர். தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டும் சேர்க்கை உண்டு. அது முக்கியமாகத் தண்ணீர் புகுவதால் வரும் சேதத்துக்கு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பலருக்கு இந்தச் சேர்க்கையின் அருமை புரிந்தது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளையும்.

பணத்தகராறு வந்தால் வண்டியைப் பட்டறையில் பிடித்துவைக்கலாமா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்தவர் அதற்குரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதே பிரிவு ஓர் உதாரணமும் தருகிறது: கோட்டைத் தைத்துத் தந்தவுடன் கொடுப்பதாகவும், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் ஒப்புக்கொண்ட தையற்காரர் அந்தக் கோட்டைப் பிடித்துவைக்க முடியாது. பேசிய பேச்சுதான் இருவரையும் கட்டுப்படுத்துகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே என்ன வேலை, என்ன கூலி, எப்போது பணம் என்பதை ஜாப் கார்டிலோ செய்தியிலோ எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. வேலை மோசம் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குமுன் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். எங்கே போனாலும் பில்லும் பழைய பாகங்களும்தான் சாட்சி. கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் விரட்டாமல், எஞ்சினைத் திணறவிடாமல் ஓட்டினால் ரிங் போரோடு பொருந்தும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் முதல் ஆயிலில்தான் உலோகப் பொடி அதிகம் இருக்கும். லேத் சீட்டை ஆர்.சி. நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் 0.25 தீட்டப்பட்டதா 0.50 தீட்டப்பட்டதா, பிஸ்டன் எந்த ஓவர்சைஸ் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த முறை பேரிங் வாங்கப் போகும் மெக்கானிக்கிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அந்த எண்தான்.